கேபிள் வருவதற்கு முன்

மூன்று விசில். ஒரு கதவு. அதற்கு மேல் ஒரு நகைச்சுவை நடிகர் கத்திக்கொண்டே இருக்கிறார். யாரோ அவரை அடிக்கிறார்கள். அடி விழும்போதெல்லாம் யாருடையதும் அல்லாத ஒரு சிரிப்பு. அறுபது நிமிடக் கேசட். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டேன். நீ இல்லை.

இது ஏழாவது.

உன் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். கையில் தீபாவளிக்கு நம் பனியன் கம்பெனி கொடுத்த துணிப்பை. திறந்ததும் மிஷின் எண்ணெய் வாசம் வந்தது. பதினொரு கேசட்டுகள். எல்லாம் பழைய பாட்டுக் கேசட்டுகள். அவற்றின் மேல் நீ பதிவு செய்தவை. மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு ஓட்டைகளையும் மறுபதிவுக்காக மூட நீ ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செக்கிங் டேபிளில் டேமேஜ் இருக்கும் இடத்தைக் காட்ட நாம் ஒட்டுவோமே, அதே ஸ்டிக்கர்.

"யம்மா, நான் வார ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறேன். மொத்தமா. இனி இங்கன எனக்கு யாரு இருக்கா?" என்றார். "போட்டோ ஒண்ணு இருக்கு. அதுல வாய மூடிக்கிட்டு நிக்கா. அவ வாய மூடி நான் என்னைக்குப் பாத்தேன்? பேச்சுதான் எங்கிட்ட இல்ல. இதுல இருக்கும்லா? எங்க டேப்பு ஓட மாட்டேங்கு. நீ கேட்டுப் பாத்து, அவ பேசுத கேசட்ட மட்டும் எடுத்து வையி. மத்தது எனக்கு எதுக்கு?"

என் அப்பா உள்ளிருந்து, "அதுக்கென்னங்க, கேட்டு எடுத்து வெச்சுருவா. நீங்க காப்பி குடிங்க" என்றார்.

நான் பையை வாங்கிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். இதில் அவள் குரல் இருக்காதுங்கம்மா. இருக்கக் கூடாது என்று சொன்னவள் நான்.

*

எதிரெதிரே நின்று வேலை பார்த்தோம். குழல்விளக்குக்குக் கீழே டேபிள். பனியனைப் புரட்டி, தோள், கழுத்து, அடிமடிப்பு. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல். கண்டுபிடித்தால் ஸ்டிக்கர். நீ ஒரு பீஸை எடுத்து வைப்பதற்குள் மூன்று விஷயம் பேசிவிடுவாய், கறையும் தப்பாது. கோயம்புத்தூரில் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, ஏதாவது கல்லூரியிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்த காலம் எனக்கு. என் கண்ணுக்குக் கறை தப்பும். நீதான் இந்தப் பக்கமாகக் கை நீட்டி என் பீஸிலும் ஒட்டிவிடுவாய்.

கம்பெனியில் காலை எட்டு மணியிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு. எல்லாக் கம்பெனியிலும்தான். நாலு மணி டீ முடிந்ததும் பாட்டு யார் காதிலும் ஏறாது. கைகள் தொங்கும். அந்த நேரத்துக்கு என்று நீ ஒரு கேசட் கொண்டுவந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் பழைய படங்களின் காமெடிக் காட்சிகளைத் தொகுத்துப் போடுவார்களே, அதற்கு முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்து எடுத்தது.

"அண்ணே, ஒரு நா இதப் போடுங்க. கை நின்னுச்சுன்னா நானே வந்து நிப்பாட்டிருதேன்."

சூப்பர்வைசர் யோசித்தார். "ஏனுங் அம்மிணி, ஆராச்சும் சிரிச்சுப்போட்டு ஊசியக் கையில ஏத்திக்கிட்டா நானுங்களா பதில் சொல்றது?"

"சிரிச்சுச் செத்தவன் இல்லண்ணே. போடுங்க."

அந்த முதல் கேசட்டில் காமெடியைவிட நீதான் அதிகம் இருந்தாய். பார்க்க முடியாதவர்களுக்கு என்று முழுவதையும் சொல்லிக்கொண்டே எடுத்திருந்தாய். "இந்தா வாரான். வேட்டி வெள்ள. கண்டிப்பா சகதிதான்... சொன்னேம்லா?" "பின்னால ஒரு தாத்தா நிக்காரு பாருங்க. ஒரு வார்த்த கெடையாது. அவரு மூஞ்சியத்தான் நான் பாப்பேன்." நடுவே உன் அம்மா ஏதோ கேட்க, "யம்மா, ரெக்கார்டிங்கு" என்று நீயே கத்துகிறாய். அதற்குத்தான் லைன் முழுக்கச் சிரித்தது. அயர்ன் பண்ணுகிறவர்கள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றார்கள். ஒரு ஓவர்லாக் மிஷின்கூட நிற்கவில்லை.

உன்னிடம் ஒரு கணக்கு இருந்தது. "பாட்டு கேட்டா கை ஓடும். சிரிச்சா தோளு எறங்கும். தோளு எறங்குனாதான்ட்டி ஒன்றர ஷிப்ட் நிக்க முடியும்."

இன்னொன்றும் சொன்னாய். "கண்ணு பீஸ்ல கெடக்கு. காதுதான் மிச்சம். அந்தக் காதுக்குச் சிரிப்பாணி வரணும். அடி விழுத சத்தம் சிரிப்பாணி கெடையாது."

அது உன் அளவுகோலாகிவிட்டது. நான் உயர்வாகச் சொன்ன எந்தக் காட்சியையும் நீ அதில் வைத்துப் பார்த்தாய். "கண்ண மூடிக் கேளு. என்ன கேக்கு? சட்டி உருளுது. நாலு பேரு ஓடுதான். நம்ம வீட்டுல பூன பூந்தாலும் இதான் கேக்கும்." எனக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டு வருடம் படித்ததில் இவ்வளவு எளிமையான ஒரு சோதனை இல்லை.

*

தப்பை எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீயே "எடிட் பண்ணு" என்பாய்.

ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தேன். திரை நகைச்சுவையில் பேச்சின் இடம், அப்படி ஏதோ. அதற்கு வசனங்கள் சொல்சொல்லாக வேண்டும். உன் கேசட்டை வாங்கிக் கேட்டால் பாதி வசனத்தின் மேல் நீ உட்கார்ந்திருந்தாய்.

"நடுவுல பேசாத எடு புள்ள. சுத்தமா வேணும்" என்றேன்.

"சுத்தமான்னா? டேமேஜ் இல்லாமயா?"

"ஆமா."

நீ சிரிக்கவில்லை. தலையாட்டினாய். நம் டேபிளில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. டேமேஜ் இல்லாத பீஸ். அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டோம்.

அன்று வேறு கேசட் கைவசம் இல்லை. அந்த முதல் கேசட்டையே நீட்டினேன். "இது மேலயே எடு. இதுல உன்ற சத்தந்தான் ரொம்ப." நீ அதை உள்ளே போட்டு இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம். அழிவது தெரியவே இல்லை. அழிவதற்குச் சத்தம் கிடையாது.

அதற்குப் பிறகு மண்ணரையில் உங்கள் லைன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என் சட்டப்படி நடந்தன. மின்விசிறி ஓடக் கூடாது. குழாயடிக்குப் போகிறவர்கள் முன்னாலேயே போய்விட வேண்டும். குக்கர் மட்டும் எனக்குக் கட்டுப்படவில்லை. உன் அம்மா உன் ஒன்றரை ஷிப்டுக்குச் சமைத்துப் பழகிய கையோடு ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் அடுப்பில் ஏற்றிவிடுவார். "எங்க வீட்டுல நான் பேசக் கூடாது. நல்லாருக்கு நாயம்" என்று முணுமுணுத்தபடி அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

நீ துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாய். தோள் குலுங்கும். கண்ணில் தண்ணீர் வரும். ஒரு முறை தாங்க முடியாமல் எழுந்து வெளியே ஓடி, சந்தின் கடைசிவரை போய்ச் சிரித்துவிட்டு வந்தாய். நான் உதட்டில் விரல் வைத்தபடியே இருந்தேன். "கம்முனு இரு. கம்முனு இரு புள்ள." அந்தத் தெருவில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், பொம்பளைப் பிள்ளை சிரிப்பு தெருமுக்குவரை கேட்கிறது என்று. நீ அவர்களை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. அவர்களால் முடியாததை நான் செய்தேன், ஆய்வு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு.

சுத்தமான கேசட்டுகள் கம்பெனியில் ஓடவில்லை. இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் சூப்பர்வைசரே வந்தார். "ஏனுங் அம்மிணி, அந்த மொத கேசட்டு என்னாச்சுங்? இதுல நீங்க இல்லாத சப்புன்னு இருக்குதுங்."

நீ என்னைப் பார்த்தாய். ஒரு பீஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாய். "அது அழிஞ்சி போச்சுண்ணே."

யார் அழித்தது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் மறுபடி பாட்டு.

*

வியாழன் முடிந்தது. எட்டாவதில் ஒரு ஆட்டோ போகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது. ஒவ்வொரு விளம்பரம் வரும்போதும் டக் என்று நிறுத்தம், பிறகு டக் என்று தொடக்கம். அந்த டக் நீதான். உன் விரல். அதை எடுத்துக்கொண்டு போய் உன் அம்மாவிடம் கொடுக்க முடியுமா?

கேட்கக் கேட்க உன்னோடு போட்ட சண்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. சிரிப்பைப் பற்றி அவ்வளவு கோபமாகப் பேசிய ஆள் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

நாடகத் தொடர்கள் உனக்கு ஆகாது. "ஒருத்தி கண்ணத் தொடைக்க மூணு நாள் எடுக்கா. நம்ம லைன்ல அம்புட்டு நேரம் எடுத்தா பார்ட்டி ஆர்டரக் கேன்சல் பண்ணிருவான்." காமெடித் தொடர்களில் பின்னணியில் ஓடவிடும் சிரிப்பு இன்னும் ஆகாது. "ஏட்டி, இந்தச் சிரிக்கவியளுக்கெல்லாம் பி.எஃப். பிடிப்பாங்களா? டூட்டி முடியுத வரைக்கும் சிரிக்காவளே." கருப்பு வெள்ளைக் காலத்துக் காமெடியை நான் தூக்கிப் பேசினால், "நல்லாத்தான் இருக்கு. ஆனா சிரிச்சு முடிச்ச ஒடனே பாடம் எடுக்காவ. சிரிச்சதுக்கு எதுக்குட்டி அபராதம்?" என்பாய்.

ஒரு நாள் ஒரு கேசட்டை நீயே போய் நிறுத்தினாய். ஒரு பெண்ணின் நிறத்தைச் சொல்லி மூன்று நிமிடம் நீளும் காட்சி. லைன் சிரித்துக்கொண்டிருந்தது. "இது வேண்டாம்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து நின்றாய். வெகுநேரம் கழித்து, குனிந்தபடி, "சிரிச்சதுல பாதிப் பேரு கருப்பு. நானுஞ் சிரிச்சேன்ட்டி. அதான் எரிச்சலா இருக்கு" என்றாய்.

நம் இரண்டு ஊர்ப் பேச்சையும் சினிமா என்ன செய்கிறது என்பதில் மட்டும் நமக்குச் சண்டை இல்லை. தென்காசிப் பக்கம் பேசினால் அரிவாள் எடுக்க வேண்டும், இல்லை அடி வாங்க வேண்டும். கொங்குப் பக்கம் பேசினால் ஏமாளி. "இட்லி போதுமான்னு எங்க அம்மா கேக்கது இவனுவளுக்குச் சிரிப்பாணியா?" என்றாய். "அம்மா பேச்சுல சிரிப்பாணி உண்டு. அது அவ சொல்லுத விசயத்துல இருக்கும். ராகத்துல இல்ல."

இதைக் கட்டுரையில் எழுதினேன். காதுக்கு வர வேண்டிய சிரிப்பையும் எழுதினேன். 'பின்னலாடைத் தொழிலாளி ஒருவர் குறிப்பிடுவது போல' என்று போட்டேன். இதழ் வந்ததும் பெருமையாக உன்னிடம் கொடுத்தேன். நீ டீ நேரத்தில் எழுத்துக் கூட்டாமல் வேகமாகப் படித்தாய். அந்த வரியில் நின்றாய்.

"ஏட்டி, இது யாரு இந்தத் தொழிலாளி? நம்ம கம்பெனியா?"

"நீதான்."

"நானா?" டீயை ஊதினாய். "அப்பம் பேரு போட எடம் பத்தலயோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். எனக்கு அன்று அது சிரிப்பாகத்தான் கேட்டது. பெயரைச் சொன்னால் ஆய்வுத்தன்மை போய்விடும் என்று ஏதோ விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டாய். அதுவும் பதிவாகவில்லை. நல்லது.

ஒரு முறை மட்டும் உன் குரல் உலகத்துக்குப் போயிருக்க வேண்டியது. நேயர்கள் போன் செய்து பிடித்த காமெடிக் காட்சியைக் கேட்கும் நிகழ்ச்சி. நாலு ஞாயிறு எஸ்.டி.டி. பூத்தில் நின்றாய். என்ன காட்சி, ஏன் பிடிக்கும், பின்னால் நிற்பவர் ஏன் முக்கியம் என்று பனியனுக்குள் வைக்கும் ஒரு சைஸ் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாய். ஐந்தாவது ஞாயிறு லைன் கிடைத்தது. பூத்துக்காரர் கடையிலேயே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நடத்தும் பெண், "டிவி வால்யூமக் கம்மி பண்ணுங்க... ஹலோ, வால்யூமக் கம்மி பண்ணுங்க" என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை கட்டாகிவிட்டது. நீ வெளியே வந்து அந்த அட்டையால் விசிறிக்கொண்டாய். "பாத்தியா, அவளும் உன் கட்சிதான்."

*

மஞ்சள் காமாலை பத்து நாள். முதல் ஐந்து நாள் உடம்பு அசதி என்று நினைத்து வேலைக்கு வந்தாய். கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டியது எதிரே நின்ற நான். கறை தப்பும் கண்.

இரண்டு வருடம் ஆகிறது.

நீ போன பிறகு டிவி என்ன ஆனது என்று சொல்கிறேன். இருபத்துநாலு மணி நேரமும் காமெடி மட்டும் போடும் சேனல் வந்துவிட்டது. கதை கிடையாது; துண்டு துண்டாக, ஒன்றன் பின் ஒன்றாக. சோறே இல்லாமல் ஊறுகாயைத் தட்டு நிறைய வைத்த மாதிரி இருக்கிறது. பழைய படத்தில் ஒரு காட்சியில் சிரித்தால், அதற்கு முன் ஒருத்தன் பட்ட பாடு அதில் சேர்ந்திருக்கும். இப்போது பாடு இல்லை, சிரிப்பு மட்டும். போட்டி வேறு. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஆண்கள் புடவை கட்டிக்கொண்டு வருகிறார்கள். முதல் நாள் சிரித்தேன். முப்பதாவது நாளும் அதே புடவை.

இதையெல்லாம் சொல்லித் திட்ட ஆள் இல்லை. எழுதினால் கட்டுரை ஆகிவிடுகிறது. நீ பேசினால் திட்டாகவே இருக்கும்.

கல்லூரியிலிருந்து கடிதம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே டேபிள். எதிரே வேறு ஒருத்தி. காதில் ஒயர் மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறாள். ஒரு லைனில் இருபது பேர் இருபது பாட்டு. ஸ்பீக்கர் மேலே தூசி.

*

சனிக்கிழமை. பதினொன்றாவது.

அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்றவற்றில் ஸ்டிக்கர் ஓட்டையில் மட்டும். இதில் நடு லேபிளின் மேலும் ஒரு அம்பு. டேமேஜ். டேமேஜ் என்றால் தனியாக வைப்பது நம் கை பழகிய பழக்கம். பத்து நல்ல கேசட்டிலும் இல்லாதது இதில் இருக்குமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

முதல் பக்கம் சுத்தம். இரண்டாம் பக்கம் பாதியில் காமெடியனின் குரல் திடீரென்று கீச்சென்று மேலே ஏறியது. எலிக்குரல் போல. நின்றது. உடனே இன்னொரு கீச்சு, மேலிருந்து இறங்கி வந்தது. பிறகு மழை பெய்வது போல ஓர் இரைச்சல்.

எனக்குப் புரிந்துவிட்டது. கரண்ட் போன அன்று. டேப் மெல்ல மெல்ல நின்றிருக்கிறது. பொத்தானை யாரும் எடுத்துவிடவில்லை. கரண்ட் வந்ததும் அதுவாக மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. டிவிக்கும் உயிர் வந்திருக்கிறது, ஆனால் கேபிள்காரர் பக்கம் இன்னும் கரண்ட் வரவில்லை. படம் இல்லை. அந்த இரைச்சல் வெறும் புள்ளிகள் ஓடும் திரை. டேப் ஓடுவது நம் மூன்று பேருக்கும் தெரியாது.

அதற்குள் நீ.

"யம்மா, கரண்டு வந்துட்டு. அந்தக் குக்கர எறக்கு, கருகுத வாசம் வருது."

தூரத்தில் உன் அம்மா என்னவோ சொல்கிறார்.

"ஒண்ணும் தீஞ்சு போகல, நீ எறக்கு. ஏட்டி, நீ என்ன மொகத்தத் தூக்கி வச்சிருக்க? காட்சி போச்சுன்னா? போனா போகுது, எனக்குத் தெரியும், நான் சொல்லுதேன் கேளு. இவன் வீட்டு புரோக்கரு. வாடகைக்கு வீடு காட்டக் கூட்டிட்டுப் போறான். போயி நிக்கான். கதவத் தட்டுதான். டொக்கு டொக்கு. ஆனா பாத்துக்கோ, கதவே கெடையாது. வெறும் வாசல் நெலதான். நெலைக்கு நடுவுல காத்துல தட்டுதான், வாயால சத்தம் குடுத்துக்கிட்டு. இதுல விசயம் என்னன்னா, பின்னால நிக்கவன் சிரிக்கவே இல்ல. அவன் செருப்பக் கழத்துதான்..."

இங்கே நீ சிரிக்கிறாய். துப்பட்டா இல்லாமல். எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். பதினாறு விநாடி.

"...இரு, இரு, சொல்லுதேன். உள்ள இருந்து ஒருத்தன் குரல் குடுக்கான். என்ன சொல்லுதாம்னு நெனைக்க? உள்ள இருக்கவன் சொல்லுதான்..."

"கேபிள் வந்துருச்சு. அய்யோ, டேப்பு ஓடிட்டு இருக்குது. கம்முனு இரு புள்ள, கம்முனு இரு."

என் குரல். மெல்லிய, படித்த, அவசரமான குரல்.

நீ கம்மென்று ஆகிவிட்டாய். இரைச்சல் நின்றது. டிவி பேசத் தொடங்கியது.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விளம்பரம்.

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. விளம்பரத்துக்காக உன்னை நிறுத்தியிருக்கிறேன். ஆய்வு, சுத்தம், பிரதி என்று எத்தனை சொல் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு வழிவிட உன் வாயை மூடியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. நீ இதைப் பிறகு போட்டுக் கேட்டிருக்கிறாய். கேட்காமல் அம்பு ஒட்டியிருக்க மாட்டாய். அதன் மேலேயே வேறு எடுத்திருக்கலாம். கேசட்டுக்கு எப்போதும் தட்டுப்பாடு. நீ அழிக்கவில்லை. டேமேஜ் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, அப்படியே வைத்துவிட்டாய்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மண்ணரைக்குப் போனேன். என் குரல் வரும் இடத்தை வெட்டிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். வெட்டினால் உன் பேச்சு இன்னும் சுத்தமாகும். அந்தச் சொல் வந்ததும் விட்டுவிட்டேன்.

உன் அம்மா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். டிவியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. அது இருந்த இடத்தில் சதுரமாகச் சுவர் வெளுத்திருந்தது. அதற்குக் கீழேதான் டேப்பை வைத்தேன்.

"யம்மா, கரண்டு வந்துட்டு. அந்தக் குக்கர எறக்கு."

"எறக்கிட்டேன்ட்டி" என்றார் உன் அம்மா. சத்தமாக. என்னைப் பார்த்து அல்ல.

பிறகு அசையவில்லை. நீ சிரித்தபோது வாயைத் துணியால் மூடிக்கொண்டார். அவரும் சத்தம் வரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. "கம்முனு இரு" வந்தது. நான் தரையைப் பார்த்தேன். எண்ணெய் விளம்பரம் வந்தது. நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதானுங்கம்மா. மத்தது எதுலயும் இல்லீங். என்னாலதானுங்க. நாந்தான் பேசாத இருக்கச் சொல்லி..."

"தெரியும்லா. என்னையவே அடுத்த வீட்டுக்குப் பத்திவிட்டவ நீ." டேப்பின் மேல் கை வைத்தார். "நீ சொன்னதும் நிப்பாட்டிட்டாளே. நான் பெத்து வளத்து இருவத்து மூணு வருசம் சொன்னேன், சத்தம் போடாத, சத்தம் போடாதன்னு. ஒரு நாளு கேட்டவ இல்ல. நீ சொன்னா கேட்டிருக்கா."

அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு தாய் ஆச்சரியப்படுகிறார், அவ்வளவுதான்.

"மறுக்கா போடு" என்றார். போட்டேன். நாலு முறை. நாலு முறையும் குக்கருக்குப் பதில் சொன்னார். கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு கேட்டார்.

"அது சரி. உள்ள இருக்கவன் என்ன சொன்னானாம்?"

"தெரியலீங்கம்மா."

"நீ பாத்ததில்லயா?"

"இல்லீங்."

"நானும் பாத்ததில்ல. எந்நேரமும் அடுப்படிதான்." மூட்டையைக் கட்டிக்கொண்டே, "கெட்டிக்காரி. ரெண்டு பேருக்கும் சொல்லாமப் போயிட்டா" என்றார்.

*

இன்று திங்கள். இதை டீ நேரத்தில், சைஸ் அட்டைகளின் பின்பக்கம் எழுதுகிறேன். பத்து கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. டேமேஜ் இல்லாதவை. யாருக்கும் வேண்டாதவை.

பதினொன்றிலிருந்து நான் லேபிள் மேல் இருந்த ஸ்டிக்கரை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டேன். அது என் நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறது, அம்பு என் பக்கமாக.

நேற்று மாலையிலிருந்து அந்தக் காமெடிச் சேனலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாக் காட்சியும் வருகிறது. வந்ததே மறுபடி வருகிறது. கதவில்லாத வீடு மட்டும் வரவில்லை. எந்தப் படம் என்று நீ சொல்லவில்லை. நான் சொல்லவிடவில்லை; பிறகும் கேட்கவில்லை. இன்று காலை நானே பதில்கள் யோசித்துப் பார்த்தேன். 'திறந்துதான் இருக்கு.' 'சாவி பக்கத்து வீட்டுல.' எதுவும் சிரிப்பாக இல்லை. உள்ளே இருப்பவன் பேசுவதற்கு முன் நீ எவ்வளவு நேரம் நிறுத்தியிருப்பாய் என்பது தெரிந்தால்தான் பதில் வரும். படித்தவளுக்கு வசனம் மட்டும்தான் எழுதி எடுக்கத் தெரியும்.

சற்றுமுன் எதிரே நிற்கும் பெண்ணின் காதிலிருந்து ஒயரை எடுக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றும் இடம்வரை சொன்னேன். உன் அளவுக்கு இல்லை. ஆனாலும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. "அப்பறம் என்னங்க்கா?" என்றாள். பக்கத்து டேபிளிலும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர்கூட நின்றார்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கரண்ட் போய்விட்டது.

டீக்கும் நிற்காமல் ஓடிய ஒன்றிரண்டு மிஷின்களும் ஓய்ந்துவிட்டன. அரை இருட்டு. டிவி இல்லை, டேப் இல்லை, எங்கேயும் எதுவும் பதிவாகவில்லை. யாரும் யாரையும் கம்மென்று இருக்கச் சொல்லப் போவதில்லை. உனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

சொல்லித் தொலையேன். உள்ளே இருந்தவன் என்ன சொன்னான்?